மீன்கொத்திக்குக் குளிர்காலப் பெயர் வந்தது எப்படி?

ரஷ்யக் குளிர்காலப் பறவைகளைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெயர்களைப் பற்றிய கேள்விகள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ரஷ்ய மொழி கற்பித்துவரும் எனக்கு இதைவிடப் பிடித்த பேச்சு வேறில்லை. ரஷ்ய மொழியோடு நிறுத்தாமல் உக்ரைனியம், போலிஷ், செக், குரோஷியம், பல்கேரியம் என்று மற்ற ஸ்லாவிய மொழிகளையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். அக்கம்பக்கத்து மொழிகளைப் பார்க்காமல் ஒரு பெயரின் மூலத்தைச் சொல்லப் போனால் எங்கே சறுக்கும் என்பது சிட்டுக்குருவிக் கேள்வியில் தெரியும்.

'ஸ்னெகீர்' என்றால் பனிப்பறவை என்று எழுதியிருந்தீர்கள். அது பனியில்தான் வாழ்கிறதா? (வாசகர், திண்டுக்கல்)

வருடம் முழுக்க இருக்கும் பறவைதான். கோடையில் ஊசியிலைக் காட்டுக்குள் கூடு கட்டி, சத்தமில்லாமல் இருந்துவிடும். குளிர் வந்ததும் தீனி தேடி ஊருக்குள் வரும். அப்போதுதான் ஜனங்கள் கண்ணில் படும். 'ஸ்னேக்' என்றால் பனி. மனிதர்கள் பார்த்த நேரத்தை வைத்துப் பறவைக்கு வந்த பெயர் இது.

வரோனெஷ் நகரில் நான் படித்த காலத்தில் விடுதி வாசலில் 'ரியபீனா' மரங்கள் வரிசையாக நிற்கும். இலையெல்லாம் கொட்டிய பிறகும் ஆரஞ்சுச் சிவப்பில் கொத்துக்கொத்தாகப் பழம் தொங்கும். ஸ்னெகீர் வந்தால் ஆண் பறவையின் ரோஜாச் சிவப்பு நெஞ்சு தூரத்திலிருந்தே தெரியும். அது பழத்தைத் தின்னாது. குட்டையான தடித்த அலகால் பழத்தை நசுக்கி, உள்ளே இருக்கும் விதையை மட்டும் எடுத்துக்கொண்டு சதையைத் துப்பிவிடும். மரத்தடிப் பனி முழுக்கச் சிவப்புச் சக்கையாகக் கிடக்கும். கொண்டை வைத்த இன்னொரு பறவை, 'ஸ்விரிஸ்தேல்', அதே மரத்துக்குக் கூட்டமாக வந்து பழங்களை முழுசாக விழுங்கிவிட்டுப் போகும். எந்தப் பறவை வந்துபோனது என்பதை மரத்தடியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இந்த ஸ்விரிஸ்தேலின் பெயர்களையும் கேளுங்கள். ரஷ்யப் பெயர் அதன் குழலோசை மாதிரியான குரலிலிருந்து வந்தது. போலந்தில் அதே பறவை 'யெம்யவூஷ்கா', உக்ரைனில் 'ஒமெல்யூஹ்'. அங்கே 'யெம்யோவா', 'ஒமேலா' என்றால் நம் ஊர்ப் புல்லுருவி போல மரத்தில் ஒட்டி வளரும் ஒரு செடி. அதன் வெள்ளைப் பழத்தை இந்தப் பறவை விரும்பித் தின்னும். ஒருவர் காது கொடுத்துக் கேட்டுப் பெயர் வைத்தார், மற்றவர்கள் அது தின்பதைப் பார்த்து வைத்தார்கள்.

எங்கள் ஏரியில் வருடம் முழுக்க மீன்கொத்தி உண்டு. ரஷ்யர்கள் அதைக் 'குளிர்காலத்தில் பிறந்தது' என்று சொல்வது ஏன்? (வாசகி, வேலூர்)

ரஷ்யப் பெயர் 'ஸிமரோதக்'. 'ஸிமா' குளிர்காலம், பின்பாதி பிறப்பைக் குறிக்கும் சொல். சிக்கல் என்னவென்றால், ரஷ்யாவில் ஆறுகள் உறைந்ததும் இந்தப் பறவை தெற்கே போய்விடும். மீன் பிடிக்கத் தண்ணீரே இல்லாத காலத்தில் குஞ்சு பொரிப்பது எங்கே?

இதற்கு இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். ஒன்று, கிரேக்கக் கதை. மீன்கொத்தி நடுக்குளிர்காலத்தில் கடல்மேல் கூடு கட்டும். அந்தச் சில நாட்கள் கடல் அலையடிக்காமல் அமைதியாக இருக்கும் என்பது அந்தப் பழங்கதை. அது ஏடுகள் வழியாக ஸ்லாவியர்களிடம் வந்தது என்பார்கள். இன்னொன்று, முதலில் இருந்த பெயர் 'ஸெம்லெரோதக்', அதாவது மண்ணில் பிறந்தது. நாளாக ஆக வாயில் திரிந்து 'ஸிமா' நுழைந்துவிட்டது என்பது. மீன்கொத்தி ஆற்றின் செங்குத்துக் கரையில் வளை தோண்டி, அதன் கோடியில் முட்டையிடும். கரை மண்ணிலிருந்து குஞ்சு வெளியே வருவதைப் பார்த்தவன் வேறு என்ன பெயர் வைப்பான்? பல்கேரியாவில் இன்றைக்கும் அதன் பெயர் 'ஸெமெரோத்னோ ரிபார்ச்செ'. மண்ணில் பிறந்த குட்டி மீன்பிடிகாரர் என்று பொருள். நான் இரண்டாவது விளக்கத்தின் பக்கம்தான் சாய்கிறேன்.

செக் மக்கள் இதற்கு 'லெத்ஞாச்செக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'லெத்' என்றால் பனிக்கட்டி. அங்கே ஆறுகள் முழுவதும் உறைவதில்லை. உறையாத ஓட்டத்தின் ஓரத்தில் நீலமும் செம்மஞ்சளுமாக உட்கார்ந்திருக்கும் பறவை வெள்ளைப் பின்னணியில் பளிச்சென்று தெரியும். உக்ரைனியர்கள் 'ரிபாலொச்கா', மீன்காரி, என்று நேராகச் சொல்லிவிட்டார்கள். நம் மீன்கொத்திக்கு அதுதான் நெருங்கிய உறவு.

சிட்டுக்குருவியின் ரஷ்யப் பெயருக்குத் 'திருடனை அடி' என்று அர்த்தமாமே? (வாசகர், தஞ்சாவூர்)

ரஷ்யாவில் பள்ளிப் பிள்ளைகள் வரை சொல்லும் கதை இது. சிட்டுக்குருவி 'வரபேய்'. 'வோர்' திருடன், 'பேய்' அடி. தானியம் திருடும் குருவியைப் பார்த்து விவசாயி கத்தினாராம், அதுவே பெயராயிற்றாம்.

சரி, இப்போது அண்டை மொழிகளைக் கேட்போம். போலிஷில் 'வ்ரூபெல்', செக்கில் 'வ்ரபெத்ஸ்', உக்ரைனியத்தில் 'ஹொரொபேத்ஸ்'. எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. எதிலாவது 'பேய்' இருக்கிறதா? தவிர, போலிஷில் திருடனுக்குச் சொல்லே வேறு. ஸ்லாவியர்கள் பிரிந்து தனித்தனி மொழி பேசுவதற்கு முன்பே இருந்த பெயரை, பின்னால் வந்த ஒரு ரஷ்யச் சொல்விளையாட்டால் விளக்க முடியாது. கதையை ரசியுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். பெயரின் பிறப்பு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

வாலாட்டிக் குருவிக்கு ரஷ்ய மொழியிலும் வாலாட்டி என்றுதான் பெயரா? (வாசகி, பொள்ளாச்சி)

ஏறக்குறைய அதேதான். 'த்ரியசகூஸ்கா': பின்புறத்தை ஆட்டுவது. இந்தக் கேள்விக்காக உங்களுக்குத் தனியாக நன்றி. எனக்கு மிகவும் பிடித்த பெயர்க் கொத்து இது.

பல்கேரியர் 'ஸ்தர்ச்சியோபாஷ்கா' என்பார்கள், வாலைத் தூக்கி நிறுத்துவது. இதுவரை எல்லோரும் வாலைத்தான் பார்க்கிறார்கள். குரோஷியாவுக்கும் ஸ்லோவேனியாவுக்கும் போனால் அதன் பெயர் 'பஸ்திரித்ஸா', மேய்ச்சல்காரி. செக் நாட்டில் 'கோனிபாஸ்', குதிரை மேய்ப்பவன். மேயும் மாடும் குதிரையும் நடக்க நடக்கப் புல்லிலிருந்து பூச்சிகள் எழும்பும். வாலாட்டி அவற்றைப் பிடிக்கக் குளம்புக்கு ஒரு சாண் தள்ளி, மிதிபடாமல், குடுகுடுவென்று ஓடிக்கொண்டே இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அதுதான் மந்தையை ஓட்டிக்கொண்டு போகிறது என்று தோன்றும். ஒரு பெயருக்குள் அந்த ஊரின் மேய்ச்சல் நிலமே இருக்கிறது.

குளிர்காலத்தில் நம் பக்கம் வரும் வாலாட்டிகளில் சில, வடக்கே ரஷ்ய மண்ணில் கூடு கட்டும் வகைகளைச் சேர்ந்தவை. உங்கள் ஊர்த் தோப்புகளில் கொடிக்கால் வாலாட்டி வந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது பக்கவாட்டில் ஆட்டும். ரஷ்யாவின் தூரக்கிழக்குக் காடுகள் வரை கூடு கட்டும் இனம் இது.

பறவை கத்துவதை வைத்தே வந்த பெயர்கள் அங்கேயும் உண்டா? (வாசகர், கோவில்பட்டி)

ஏராளம். குயில் இனத்துப் பறவை ரஷ்யாவில் 'குக்கூஷ்கா', செக் நாட்டில் 'குகாச்கா'. உக்ரைனில் மட்டும் 'ஸொஸூல்யா'. அது இன்னொரு பழைய ஸ்லாவியப் பெயரின் வழி. அந்தப் பழம்பெயர் போலந்தில் 'க்ஷெக்ஷூவ்கா' என்று மிஞ்சியிருக்கிறது. யாரும் பேசுவதில்லை. ஆனால் சொல்வதெழுதுதலில் பிள்ளைகளை மடக்க ஆசிரியர்கள் கையில் வைத்திருக்கும் சொல் என்று போலந்தில் எல்லோருக்கும் தெரியும். செர்பிய, குரோஷிய மொழிகளில் பறவை 'குகாவித்ஸா'. 'குகாதி' என்றால் ஒப்பாரி வைப்பது. அண்ணனைப் பறிகொடுத்து ஓயாமல் அழுத தங்கைதான் குகாவித்ஸா ஆனாள் என்று அங்கே கிராமங்களில் சொல்வார்கள்.

நம் கொண்டலாத்தி ரஷ்ய மொழியில் 'உதோத்', போலிஷில் 'தூதெக்'. இரண்டும் அதன் 'ஊப் ஊப்' குரலைப் பிடிக்கப் பார்த்த பெயர்கள். ரஷ்யக் கிராமத்தார் காதில் அது 'ஹூத தூத், ஹூத தூத்' என்று விழும். 'இங்கே நிலைமை மோசம்' என்று அர்த்தம்.

ஆள்காட்டியின் கதை இதைவிட நல்லது. ஆள் வந்தால் காட்டிக்கொடுக்கும் என்று நாம் பெயர் வைத்தோம். ரஷ்யாவில் அந்தக் குடும்பத்துப் பறவை 'சீபிஸ்'. அது 'சீ வீ?', அதாவது 'நீங்கள் யார் வீட்டு ஆள்?' என்று கேட்பதாகச் சொல்வார்கள். இரண்டு ஊரிலும் அது காவல்காரப் பறவைதான். அதே பறவை போலந்தில் 'சாய்க்கா', செக் நாட்டில் 'செய்கா'. உக்ரைன் நாட்டுப்பாடல்களில் வண்டிப்பாதை ஓரத்தில் குஞ்சு பொரித்துவிட்டுத் தவிக்கும் சாய்க்காவும் இதுவே. ஆனால் ரஷ்ய மொழியில் 'சாய்க்கா' என்றால் கடற்காக்கை. ரஷ்யன் படித்தவர்கள் அந்தப் பாட்டைக் கேட்டால், கடற்காக்கை ஏன் வண்டிப்பாதையில் முட்டையிடுகிறது என்று குழம்பத்தான் செய்வார்கள். ஒரே பெயர் எல்லை தாண்டினால் வேறு பறவையின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். மொழிபெயர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. குரோஷியரின் 'கவ்ரான்' அண்டங்காக்கை. போலந்தின் 'கவ்ரோன்' அதைவிடச் சிறிய வேறொரு காக்கை.

வாலென்டினா தெரஷ்கோவா விண்வெளியில் இருந்தபோது தன்னைச் 'சாய்க்கா' என்று சொன்னாராமே? (வாசகி, மதுரை)

ஆமாம், 1963 ஜூனில். வானொலியில் அவருக்கு அதுதான் அழைப்புப் பெயர், கடற்காக்கை. சோவியத் விண்வெளி வீரர்களின் அந்த முதல் வரிசையில் பலருக்கும் பறவைப் பெயர்தான்: தித்தோவ் 'அர்யோல்', கழுகு, நிக்கலாயெவ் 'சோகல்', வல்லூறு, பப்போவிச் 'பெர்கூத்', பொன்னாங்கழுகு, பிகோவ்ஸ்கி 'யாஸ்த்ரெப்', பைரி இனம். இதில் 'பெர்கூத்' துருக்கிய மொழிகளிலிருந்து வந்த சொல். கழுகை வைத்து வேட்டையாடும் புல்வெளி மக்களிடமிருந்து ரஷ்யர்கள் எடுத்துக்கொண்டது. 1961-ல் முதலில் போன யூரி ககாரினுக்கு மட்டும் 'கேதர்' என்று மரத்தின் பெயர். ஆனால் அவர் குடும்பப் பெயரே பறவையிலிருந்து வந்ததுதான்! 'ககாரா' என்பது வடக்கத்தி ஏரிகளில் முக்குளித்து மீன் பிடிக்கும் பெரிய நீர்ப்பறவை. 'க-க' என்று கத்துவதால் அந்தப் பெயர்.

எழுத்தாளர் கோகலின் பெயரும் ஒரு வாத்து வகைதான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மிடுக்காக நடப்பவரை 'கோகல் மாதிரி நடக்கிறார்' என்று ரஷ்யர்கள் சொல்வது அந்த வாத்தை வைத்துத்தான். பிராகில் பிறந்த எழுத்தாளர் காஃப்காவின் பெயரும் செக் மொழியின் 'காவ்கா', சாம்பல் கழுத்துள்ள ஒரு சின்னக் காக்கை. அவருடைய அப்பா கடைக்கு அச்சடித்த கடிதத்தாளில் அந்தக் காக்கையின் படமே இருந்தது.

நம் அன்னத்துக்கும் ஸ்லாவியப் பெயர்களுக்கும் சம்பந்தம் உண்டா? (வாசகர், காரைக்குடி)

தமிழுக்கு நேர் உறவு இல்லை, வடமொழிக்கு உண்டு. ஹம்சத்வனி என்று ராகத்தின் பெயரில் சொல்கிறோமே அந்த 'ஹம்ச', ரஷ்ய 'கூஸ்', போலிஷ் 'கென்ஷ்', செக் 'ஹுஸா', ஜெர்மன் 'கான்ஸ்' எல்லாம் ஒரே மூலச் சொல்லின் வாரிசுகள். அங்கெல்லாம் வாத்தைவிடப் பெரிய கூஸ் பறவையைக் குறிக்கும். ஒரு புதிரும் உண்டு. ஒலி மாறும் விதிப்படி ஸ்லாவிய மொழிகளில் இந்தச் சொல் 'ஸ' என்று தொடங்கியிருக்க வேண்டும். 'க' என்று தொடங்குகிறது. பக்கத்து ஜெர்மானியர்களிடமிருந்து வாங்கியிருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். விவாதம் முடியவில்லை.

தைத்திரீய உபநிடதத்தின் பெயரில் உள்ள 'தித்திரி' கௌதாரிப் பறவை. யாக்ஞவல்கியர் கக்கிய வேதத்தைத் தித்திரிப் பறவைகளாகி மற்றச் சீடர்கள் கொத்திக்கொண்டார்கள் என்ற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரஷ்யக் காட்டுக்கோழி ஒன்றின் பெயர் 'தேதெரெவ்'. 'தித்-திர்', 'தெ-தெர்' என்று இரட்டித்துக் கத்தும் குரல்தான் இரண்டுக்கும் அடிப்படை.

நிறத்தை வைத்துப் பறவைக்குப் பெயரா, பறவையை வைத்து நிறத்துக்குப் பெயரா? (வாசகி, சேலம்)

இரண்டும் நடந்திருக்கிறது. புறா ரஷ்ய மொழியில் 'கோலுப்', இளநீலம் 'கலுபோய்'. புறாவின் கழுத்து மினுமினுப்பிலிருந்து நிறத்துக்குப் பெயர் வந்தது. கிளிப்பச்சை, மயில்கழுத்து என்று ஜவுளிக்கடையில் கேட்கிறோமே, அதே வழி. அண்டங்காக்கை 'வோரன்', கன்னங்கரிய குதிரை 'வரனோய்'. இங்கேயும் பறவைதான் முதலில்.

நைட்டிங்கேல் விஷயம் தலைகீழ். 'சலவேய்' என்ற பெயர் 'சலோவி' என்ற மங்கிய மஞ்சள் நிறச் சொல்லிலிருந்து பிறந்தது. அந்த நிறச் சொல்லை இன்றைக்குக் குதிரைக்காரர்கள்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். இத்தனை இனிமையாகப் பாடும் பறவைக்கு அதன் மங்கிய இறகைப் பார்த்துப் பெயர் வைத்தது எனக்கு இன்னும் மனம் ஒப்பாத விஷயம். பாடுவதற்காகப் பெயர் வாங்கியது யார் தெரியுமா? சேவல்! 'பேத்' என்றால் பாடுவது, 'பெதூஹ்' சேவல்.

ஆட்டுப் பால் குடிக்கும் பறவை என்று ஒரு பெயர் உண்டா? (வாசகர், புதுக்கோட்டை)

உண்டு, பாவம். நம் ஊரில் பக்கி என்று சொல்லும் இரவுப் பறவை அது. ரஷ்யப் பெயர் 'கஸதோய்': 'கஸா' ஆடு, 'தயீத்' கறப்பது. லத்தீன் அறிவியல் பெயர் 'கப்ரிமுல்கஸ்' என்பதற்கும் அதே பொருள்தான். அந்தி நேரத்தில் பட்டியைச் சுற்றிப் பறக்கும். வாய் காதுவரை கிழியும். மடியில் வாய் வைக்கிறது என்று ஆட்டுக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அது வருவது ஆடுகளைச் சுற்றும் பூச்சிகளுக்காக. உக்ரைனியர் வைத்த 'த்ரிம்லூஹா', தூங்குமூஞ்சி, என்ற பெயர் பகலில் அது தரையோடு ஒட்டிக் கண்மூடிக் கிடப்பதைச் சொல்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான்.

வான்கோழிக்கு இந்தியாவின் பெயரா? (வாசகர், ஈரோடு)

ஆமாம். ரஷ்ய மொழியில் 'இந்த்யூக்', போலிஷில் 'இந்திக்'. அமெரிக்காவை இந்தியா என்று நினைத்த காலத்தில் அங்கிருந்து வந்த பறவை.

இந்த மூலங்களையெல்லாம் யார் தேடிக் கண்டுபிடித்தார்கள்? (வாசகி, நாகர்கோவில்)

பலர். ஒருவரை மட்டும் சொல்கிறேன். மாக்ஸ் ஃபாஸ்மர், 1886-ல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த ஜெர்மானியர். பெர்லினில் இருந்துகொண்டு ரஷ்யச் சொற்களின் மூலங்களைச் சீட்டுச்சீட்டாகச் சேர்த்துவந்தார். 1944 ஜனவரியில் விழுந்த குண்டில் அந்தச் சீட்டுகளும் அவருடைய நூலகமும் எரிந்துபோயின. மறுபடியும் தொடங்கினார். 1950-களில் அகராதி வெளிவந்தது. பிறகு ஒலெக் துருபச்சோவ் அதை ரஷ்ய மொழிக்குக் கொண்டுவந்து தன் குறிப்புகளையும் சேர்த்தார். நான் வகுப்புக்குப் போகுமுன் புரட்டுவது அந்த நான்கு தொகுதிகளைத்தான்.

மார்ச் மாதம் ரஷ்யாவில் 'மாக்பை பண்டிகை' என்று ஒன்று உண்டா? அன்றைக்குப் பறவை வடிவ ரொட்டி சுடுவார்களாமே? (வாசகி, புதுச்சேரி)

ரொட்டி உண்மை, மாக்பை இல்லை. பண்டிகையின் பெயர் 'சோரகி'. மாக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை 'சரோக்கா'. எழுத்தில் இரண்டும் ஒட்டி வருவதால் இந்தக் குழப்பம். பண்டிகைப் பெயர் 'சோரக்', நாற்பது என்ற எண்ணிலிருந்து வந்தது. கிறிஸ்தவத் திருச்சபை நாற்பது தியாகிகளை நினைவுகூரும் நாள் அது, மார்ச் 22. வானம்பாடிகள் திரும்பி வரும் காலம் என்பதால் சுடுகிற ரொட்டியின் பெயர் 'ஷாவரன்கி', வானம்பாடிகள்.

தவக்காலத்தில் வருவதால் முட்டை, பால் சேர்க்காமல் மாவு பிசைவார்கள். மாவைக் கயிறாகத் திரித்து ஒரு முடிச்சுப் போட்டு, ஒரு முனையைத் தலையாகக் கிள்ளி, மறுமுனையைக் கத்தியால் கீறி வாலாக்குவார்கள். கண்ணுக்கு இரண்டு உலர்திராட்சை. சுட்டதும் பிள்ளைகள் அதைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, வசந்தத்தைக் கூவி அழைப்பார்கள், அப்புறம் தின்றுவிடுவார்கள். வீட்டில் செய்து பார்க்க நினைத்தால் மைதாவும் ஈஸ்ட்டும் கொஞ்சம் எண்ணெயும் போதும். திராட்சையை மாவுக்குள் நன்றாக அழுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் மாவு உப்பும்போது உதிர்ந்துவிடும்.